கணக்கில் ரெண்டு

சிவமயம்

சிங்கப்பூர்

அன்புள்ள ஆத்தாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பச்சிக்கு முழங்கால் வலி தேவலையா?

போனில் நான் உங்கள் பேரனுக்குக் "கணக்குல ரெண்டு" என்றதும் பதறிப்போனீர்கள். லைனும் கட்டாகிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். ரெண்டு மார்க் இல்லை ஆத்தா, ஏ.எல். 2, அதாவது இரண்டாம் அடைவுநிலை. இங்கே ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை போடுவார்கள். 90க்குக் குறையாமல் எடுத்தால் 1. 85லிருந்து 89 வரை 2. ஆறாம் வகுப்பு முடிவில் பி.எஸ்.எல்.இ. என்று ஒரு பரீட்சை. நாலு பாடத்தையும் கூட்டி 4 வந்தால் அதுதான் உச்சம், 32 வந்தால் அடிமட்டம். அந்த எண்ணை வைத்துத்தான் உயர்நிலைப் பள்ளியில் இடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பரீட்சையே கிடையாது. அந்தச் சுகத்தையெல்லாம் இப்போது வட்டியோடு வசூலிக்கிறார்கள்.

காலையில் இருட்டோடு எழுப்பிவிடுகிறோம். ஏழரைக்குக் கொடியேற்றம், மலாயில் தேசிய கீதம், அப்புறம் நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி. தாய்மொழிப் பாடவேளை வந்தால் சீனப் பிள்ளைகள் ஓர் அறை, மலாய்ப் பிள்ளைகள் ஓர் அறை என்று பிரிந்துவிடுவார்கள். நம் பையன் ஏழெட்டுப் பேரோடு தமிழ் அறைக்குப் போவான்.

சிக்கலே அந்தத் தமிழில்தான். ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு. ஒரு வீடியோவைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். பேச்சுத் தமிழில் பேச வேண்டும். போன வாரம் வகுப்பில் பழக்கியபோது இவன் "அந்தச் சிறுவன் தட்டினை எடுத்துச் செல்கின்றான்" என்றானாம். "வீட்டுல பேசுற மாதிரி சொல்லுப்பா" என்றிருக்கிறார் ஆசிரியை. இவன் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறான். வீட்டில் நாங்கள் பேசுவது இங்கிலீஷ் அல்லவா? தப்பு எங்கள் மேல்தான்.

டியூஷன் வைக்கலாம் என்கிறாள் உங்கள் மருமகள். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. தினமும் அங்கே சாயங்காலம் அஞ்சரை ஆனால் இங்கே எட்டு மணி. அப்போது அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை, வளவில் வத்தல் காய்ந்துவிட்டதா, கந்தரப்பத்துக்கு என்னென்ன ஊறப்போடுகிறீர்கள், எதையாவது. அவனையும் பேசவிடுங்கள். முதல் நாள் "நலமாக இருக்கின்றேன் அப்பத்தா" என்பான். சிரித்துவிடாதீர்கள், அப்புறம் போனையே எடுக்கமாட்டான்.

உங்கள் மகன்