எட்டாவது டம்ளர்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள ஆயரே,

ஊருக்கெல்லாம் நீ ஆயர். எனக்கு ஊரிசு கல்லூரி விடுதியில் என் சோப்பில் குளித்துவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்தவன். ஆனாலும் இந்தக் கடிதத்தில் வேதம் பேசப்போகிறேன், அதனால் மரியாதையோடு தொடங்கிவைக்கிறேன். உன் கடிதம் குருத்தோலை ஞாயிறுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உண்டு.

முதலில் ஊர்ச் சேதி. வெயில் பங்குனியிலேயே தொடங்கிவிட்டது. அக்னி நட்சத்திரம் வருமுன்பே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. பாலாறு வழக்கம்போல் மணலாறு. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதே, ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோமே, அது ஏதோ போன ஜென்மத்துக் கதை போல இருக்கிறது. சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள் அல்லவா? 1981இல் ஜலகண்டேசுவரர் கோட்டைக்குத் திரும்பிவிட்டார். ராஜா இனி வரப்போவதில்லை. மிச்சம் இருப்பது ஆறு ஒன்றுதான்.

இனி வீட்டுச் சேதி. உன் தங்கைக்கு இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஊசியைக்கூட அவள் பழகிக்கொண்டாள். தண்ணீர்க் கணக்கைத்தான் பழக முடியவில்லை. ஒரு நாளைக்கு 800 மில்லி. காபி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நூறு மில்லி பிடிக்கும் சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்று வைத்திருக்கிறோம். எட்டு முறை நிரப்பினால் அன்றைய பாடு முடிந்தது. இளநீர் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம். வேலூர் வெயிலில், தெருமுனையில் இளநீர் வண்டி நிற்கும் ஊரில், இதைச் சொல்லிப் பார்.

நீ எழுதியிருந்தாய்: சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தை சரீர தாகம் அல்ல, ஆத்துமாக்களுக்கான தாகம், அதனால்தான் அன்னை தெரசா தம் சபையின் சிற்றாலயங்களில் எல்லாம் சிலுவைக்குப் பக்கத்தில் ‘தாகமாயிருக்கிறேன்’ என்று எழுதிவைத்தார் என்று. நானும் இதைத்தான் பிரசங்கித்திருக்கிறேன். அந்த ஏழையும் ஆளுக்கொன்றாகப் பிரசங்கிக்கும் பெரிய வெள்ளி மும்மணி தியானத்தில் ஐந்தாம் வார்த்தை எனக்கு வருவது இது மூன்றாவது முறை. குறிப்பேடு கையில் தயாராகவே இருந்தது. மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல என்று தொடங்கி, வறண்ட நிலம், ஜீவத் தண்ணீர், பன்னிரண்டு நிமிடம்.

பெரிய வியாழன் அன்று டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பில் அவளுடைய எட்டு டம்ளரும் மாலைக்குள் காலி. நான் இரவு ஆராதனைக்குப் போய்வந்து படுத்துவிட்டேன். இரண்டு மணி இருக்கும். தோளைத் தொட்டு எழுப்பினாள். “ஒரு வாய் தண்ணீர் தாங்க.” நாக்கு மேல்வாயில் ஒட்டிப் பேச்சு குழறியது. உதட்டோரம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நான் பொறுப்புள்ள கணவன் அல்லவா? கணக்குச் சொன்னேன். சனிக்கிழமை எடை ஏறினால் மூச்சுத் திணறும் என்று டாக்டர் சொன்னதை நினைவூட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே, “ஆண்டவருக்குக் காடியாவது கொடுத்தார்கள்” என்றாள்.

எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து அவள் வாயில் வைத்தேன். கடிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, அது கரையும்வரை வைத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என் பன்னிரண்டு நிமிடமும் கரைந்துபோயின.

காடி என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆம்பூர்ப் பக்கத்தில் என் பாட்டி வீட்டில் காடி என்றால் புளித்த கஞ்சித் தண்ணீர். அதனால் சிறுவயதில் சிலுவையடியில் யாரோ ஒரு கிழவி கஞ்சிச் சட்டியோடு நிற்பதாகவே நினைத்திருந்தேன். பிறகு வேதபாடத்தில் திருத்தினார்கள். இப்போது யோசித்தால் நான் நினைத்தது அவ்வளவு தப்பில்லை. அது புளித்த திராட்சரசம். தண்ணீர் கலந்து ரோமச் சிப்பாய்கள் அன்றாடம் குடித்தது, ஏழைகளின் பானம். தங்களுக்கென்று வைத்திருந்ததில்தான் கடற்காளான் என்ற கடற்பஞ்சைத் தோய்த்து நீட்டினார்கள். கேலியாகவும் இருக்கலாம், லூக்கா அப்படித்தான் சொல்கிறார். ஆனால் யோவான் சொல்வதில் கேலி இல்லை. முன்பு வெள்ளைப்போளம் என்ற பிசின் கலந்து கொடுத்த திராட்சரசத்தை அவர் வாங்கவில்லை என்று மாற்கு சொல்கிறார். இதை வாங்கினார். வாங்கிய பின்புதான் ‘முடிந்தது’ என்கிறார்.

யோவானிலேயே இன்னொரு நடுப்பகல் இருக்கிறது. சமாரியக் கிணற்றடி, ஆறாம் மணி வேளை, தண்ணீர் மொள்ள வந்த ஒரு பெண்ணிடம் இயேசு கேட்கிறார், “தாகத்துக்குத் தா.” பேச்சு எங்கெங்கோ போகிறது. ஜீவத் தண்ணீர், ஐந்து புருஷர், எந்த மலையில் தொழுவது. கடைசியில் அந்தப் பெண் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடிவிடுகிறாள். அவர் குடித்தாரா? ஒரு வார்த்தை இல்லை. நாமும் அவளைப் போலத்தான் ஐயா. அவர் தண்ணீர் கேட்டால் நாம் வியாக்கியானம் கொடுக்கிறோம்.

அன்னை தெரசாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சுவரில் எழுதிய கையே 1952இல் கல்கத்தாவின் காளிகட்டில் வீடு திறந்து, தெருவோரம் கிடந்தவர்களின் வாயில் தண்ணீர் விட்டது. ஆத்துமா என்று நாம் சொல்லும்போது வாயை மறந்துவிடுகிறோம், அதுதான் என் குறை.

இன்னொரு குறையும் உண்டு. சபையிலிருந்து பார்க்க வருகிறார்கள், ஜெபிக்கிறார்கள், நல்லது. போகும்போது, “கர்த்தர் உங்களைப் புடமிடுகிறார் அக்கா” என்று சொல்லிவிட்டு நாங்கள் கொடுத்த மோரை மடக் மடக்கென்று குடிக்கிறார்கள். அவள் சிரித்துக்கொள்கிறாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. பாடு ஒரு பாக்கியம் என்று படுகிறவர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊருக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றி நீதான் வாலிபர் கூட்டத்தில் அடிக்கடி சொல்வாய். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழவில்லை, வலி தெரியாததால்தான் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தேய்ந்துபோயின என்று கண்டவர். வலி இறைவன் கொடுத்த காவல்காரன் என்பாய். பல வருடம் அது எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. இவளுடைய தாகத்தில் அது மாட்டிக்கொண்டு நிற்கிறது. உடம்பில் வெளியேற வழியில்லாமல் தண்ணீர் தேங்கியிருக்கும்போதே தொண்டை தண்ணீர் கேட்கிறது. காவல்காரன் தப்பாகக் கூவுகிறான். இதற்கு என்ன அர்த்தம் சொல்வாய்? நான் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. ஆண்டவரும் நாக்கு ஒட்டிப்போய்க் கேட்டார் என்பது மட்டும் நிற்கிறது.

பிரசங்கம் என்னவாயிற்று என்று கேட்பாய். குறிப்பேட்டைத் திறக்கவில்லை. கிணற்றடியையும் காடியையும் சொன்னேன். அவர் தண்ணீர்தான் கேட்டார் என்று சொன்னேன். ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூப்பர் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். மிச்ச நேரத்துக்குப் பாமாலையில் கூடுதலாக இரண்டு சரணம் பாடினார்கள்.

ஜூன் மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா, காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். ஆனால் நுங்கும் பதநீரும் கட்டிக்கொண்டு வராதே. அவள் முன்னால் நானும் நீயும் அதைத் தின்ன முடியாது. அவளுக்கு உன் பழைய கதைகள் போதும், அந்தச் சோப்புக் கதை உட்பட.

இப்போது எட்டாவது டம்ளரைப் பகலில் தொடுவதில்லை. இரவு இரண்டு மணிக்கென்று மூடிவைக்கிறோம். நான் அலாரம் வைத்து எழுந்துகொள்கிறேன். சில நாள் அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்புவதா வேண்டாமா என்று டம்ளரோடு கட்டிலோரம் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
சோப்புக்காரன்