காண்டன் படமும் நம்ம கடற்கரையும்

சென்னை,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம், கடிதம் எழுத முழங்கால் எதற்கு என்று கேட்பாய். சோம்பல்தான்.

மாப்பிள்ளை ஹாங்காங்கிலிருந்து ஒரு படம் கொண்டுவந்தார். 19ஆம் நூற்றாண்டில் சீனாவின் காண்டன் துறைமுகத்தை, அதாவது இன்றைய குவாங்சோவை, சீன ஓவியர் ஒருவர் வரைந்ததன் நகல். ஆற்றோரம் வெள்ளைக்காரர்களின் பண்டகசாலைகள், வாசலில் டென்மார்க், ஸ்பெயின், அமெரிக்கா, பிரிட்டன், ஹாலந்துக் கொடிகள். தண்ணீரே தெரியாத அளவுக்குப் படகுகள். கூடத்தில் மாட்டியதிலிருந்து காலைக் காபி அதன் முன்னால்தான்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அமெரிக்கக் கொடியின் கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்திருக்கிறார். படகுக்காரர்களுக்கோ முகமே இல்லை. தொப்பிக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு ஒரு தீற்று. இத்தகைய படங்களை வாங்கிப் போனவர்கள் கப்பல் கேப்டன்களும் வியாபாரிகளும். தன் கொடி சரியாக இருந்தால்தானே காசு கொடுப்பான்! அபினியும் படத்தில் இல்லை. வங்காளத்து அபினியை ஆற்று முகத்துவாரத்தில், லிண்டின் தீவருகே நின்ற கப்பல்களிலேயே கைமாற்றிவிடுவார்கள். காண்டனில் தேயிலை வாங்கப் பணம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்தது. 1856 தீயில் அந்தப் பண்டகசாலைகளும் போயின.

நம்ம ஊரை அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் வரைந்த படங்களில் கதை தலைகீழ். இங்கே அப்போது துறைமுகமே கிடையாது, கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அதனால் படத்தின் முன்னால் மசூலா படகும் துடுப்புப் போடும் நம்ம ஆட்களும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு, அலை மோதினால் நெளிந்து கொடுக்கும். யாராவது விழுந்தால் தூக்கக் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். துரைக்கு உயிர்ப்பயம், படகுக்காரனை நன்றாக உற்றுப் பார்த்திருக்கிறான் என்பது என் கணக்கு. 1881இல், கட்டி முடியும் தறுவாயில் இருந்த துறைமுகத்தைப் புயல் வந்து உடைத்துப்போட்டதே, அதற்கப்புறமும் அவர்கள் தயவுதான்.

அப்புறம், உன் தாத்தாவின் அப்பா ராயபுரத்தில் துடுப்புப் போட்டவர் என்பாயே. அவர் பாடியதாக உன் பாட்டி முனகும் அந்த ஏலேலோ இன்னும் நினைவிருக்கிறதா? இரண்டு வரியாவது எழுது. பேத்தி கேட்கிறாள், எனக்கு மெட்டு மட்டும்தான் வருகிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்