பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்குவாரி வேண்டாம் என்று ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்து 19 நாள் ஆகிறது. ஒரு டிவியிலிருந்து வந்து இரண்டு மணி நேரம் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் 'போக்குவரத்து பாதிப்பு' என்று ஒரு துண்டு காட்டினார்கள், அவ்வளவுதான். நீ தினமும் போடுகிற வீடியோவை 300 பேர் கூடப் பார்ப்பதில்லை. "யாருக்காகண்ணா இதெல்லாம்?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2020 நவம்பர் கடைசியில், மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லிக்குக் கிளம்பிய பஞ்சாப், ஹரியானா விவசாயிகளை சிங்கு, டிக்ரி எல்லைகளில் தடுத்தார்கள். அவர்கள் திரும்பிப் போகவில்லை. டிராக்டர் டிராலிகளுக்கு மேல் தார்ப்பாய் கட்டி, அந்தக் குளிரில் அங்கேயே குடியிருந்தார்கள். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கணக்கில் டிராலிகள். மேடையில் பேசுவது பின்னால் இருப்பவருக்குக் கேட்காது. சிங்குவில் என்ன முடிவானது என்று டிக்ரிக்குத் தெரியாது. வந்திருந்த பெரியவர்கள் பலருக்கு ஸ்மார்ட்போன் பழக்கமில்லை. வெளியிலோ, சில சேனல்கள் அவர்களைக் காலிஸ்தானிகள், அதாவது சீக்கியருக்குத் தனி நாடு கேட்கும் பிரிவினைவாதிகள், என்று சொல்லிக்கொண்டிருந்தன. 'கோதி மீடியா', அதாவது ஆள்பவர் மடியில் உட்கார்ந்த ஊடகம், என்று அந்தச் சேனல்களுக்கு விவசாயிகள் அங்கே பதாகை பிடித்தார்கள்.

அந்த நிலைமையில்தான் சுர்மீத் மாவி, நவ்கிரண் நட் முதலான சில இளைஞர்கள் சேர்ந்து டிசம்பர் 18 அன்று 'டிராலி டைம்ஸ்' என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். நாலே பக்கம். பஞ்சாபியிலும் இந்தியிலும். முதல் இதழ் 2,000 பிரதி. லட்சக்கணக்கில் கூடியிருந்த இடத்தில் 2,000 என்பது எம்மாத்திரம்? ஆனால் ஒரு பிரதி ஒரு டிராலிக்குள் போனால் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். போராட்டச் செய்தி மட்டுமில்லை, கவிதை, ஓவியம், அங்கே தங்கியிருந்தவர்களின் சொந்தக் கதைகள் எல்லாம் அதில் வந்தன.

நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான். அந்தப் பத்திரிகை முதலில் பேசியது டெல்லிக்காரர்களிடம் இல்லை, டிராலியில் இருப்பவரிடம். நீயோ 19 நாளாக வெளியே இருக்கிற ஒருவரை நோக்கியே கேமராவைப் பிடித்திருக்கிறாய். பந்தலின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு, கலெக்டர் ஆபீஸில் நேற்று என்ன பேசினார்கள் என்று தெரியுமா? தெரியாவிட்டால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். 'தலைவர் காசு வாங்கிவிட்டார்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், பாதிப் பந்தல் காலியாகிவிடும்.

வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த விவசாயிகளும் 'கிசான் ஏக்தா மோர்ச்சா' என்று பேஸ்புக் பக்கம் நடத்தினார்கள். டிசம்பர் 20 அன்று அது சில மணி நேரம் காணாமல் போனது. ஜனவரி கடைசியில் போராட்டக் களங்களில் இணையத்தையே நிறுத்தினார்கள். பிப்ரவரி 1 அன்று ட்விட்டரில் 250 கணக்குகள் வரை முடக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு திரும்பி வந்தன. இன்னொருவர் கையில் சாவி இருக்கிற வீட்டை மட்டும் நம்பி இருக்காதே என்றுதான் சொல்கிறேன். சிங்குவில் கைதான மன்தீப் புனியா என்ற செய்தியாளர், சிறையில் விவசாயிகள் சொன்னதைத் தன் காலிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு வந்து வெளியே சொன்னார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இதெல்லாம் வடக்கத்தி சமாச்சாரம் என்று நினைத்துவிடாதே. 1907இல் அயோத்திதாசர் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பத்திரிகையை நடத்தினார். பேரிலேயே விலை. யார் வாங்கிப் படிக்க வேண்டும் என்று அந்தப் பேரே சொல்லிவிடுகிறது, பார்.

அப்புறம், ஒரு கஷ்டமான விஷயம். உங்கள் கமிட்டிக்குள் போன வாரம் சண்டை வந்ததே, அதை நீ எங்குமே சொல்லவில்லை. எதிராளிக்கு வாய்ப்பாகிவிடும் என்று பயந்திருப்பாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பந்தலில் எல்லாருக்கும் அது அரைகுறையாகத் தெரியும். இரண்டு தரப்பு சொன்னதையும் அப்படியே எழுது. நம் தப்பையும் எழுதுகிற பத்திரிகை என்று தெரிந்தால்தான், நாளைக்குப் போலீஸ் தரப்புக் கதையை நீ மறுத்து எழுதும்போது ஊர் நம்பும். இதில் விட்டுக்கொடுக்காதே.

சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். ஏ4 தாளில் இரண்டு பக்கம், கையெழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்தால் போதும். 50 பிரதி. வாரம் ஒன்று. சாயங்காலம் டீ கொடுக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இரண்டு கட்டு பேப்பர் கொடுத்து அனுப்புகிறேன், வாங்கிக்கொள். முதல் இதழில் தலைவர் பேச்சைப் போடுவதற்கு முன்னால், 19 நாளாக அங்கே சமைத்துப் போடுகிற அக்காக்களின் பெயர்களைப் போடு. ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாது. எனக்கும் ஒரு பிரதி எடுத்து வை.

அன்புடன்,
அண்ணன்