பழைய கேமைக் குறை சொல்லும் முன் வேகத்தைச் சரிபாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் இளைஞர் பக்கத்தில் வந்த பழைய கணினி விளையாட்டுகள் பற்றிய கட்டுரை, ‘பிரின்ஸ் ஒஃப் பெர்சியா’வை விசைக்கு உடனே அசையாத, அலுப்பூட்டும் கேம் என்று ஒதுக்கியிருந்தது. அலுப்பு என்பதை ஏற்க முடியாது. உடனே அசையவில்லை என்பதில் பாதி, கட்டுரையாளர் ஓடவிட்ட கணினியின் அமைப்பால் வந்த கோளாறு என்றே படுகிறது.

1989இல் அப்பிள் 2 கணினிக்கு இதைச் செய்த ஜோர்டன் மெக்னர், தன் தம்பியை ஓடவும் பாயவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் படம் படமாக வரைந்தார். கேமின் நாயகனான இளவரசனின் உடம்பில் பாரம் தெரிவது அதனால்தான். ஓடும்போது திருப்பினால் சறுக்கி நின்றுதான் திரும்புவான். பாயத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த ஏலாது. மரியோவில் பழகிய கைக்கு இது தாமதமாகத் தோன்றும். ஆனால் முழுக் கேமும் அந்தக் காலடிக் கணக்கில்தான் நிற்கிறது. ஷிஃப்டைப் பிடித்தபடி அம்பு விசையைத் தட்டினால் ஓரம் வரை அடிமேல் அடி வைப்பான். அப்படி நடந்தால் தரை முள்ளும் ஒன்றும் செய்யாது. இரண்டு மாடி விழுந்தால் உயிர்ப்புள்ளி ஒன்று குறையும், மூன்று மாடி என்றால் கதை முடிந்தது. நின்ற இடத்தில் மேலே துள்ளினால் பக்கத்தில் உள்ள தளர்ந்த கல் ஆடித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாம் கட்டத்து எலும்புக்கூட்டை எத்தனை தரம் வெட்டினாலும் சாகாது. பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுத்த வேண்டும். இவ்வளவுக்கும் 60 நிமிடம்தான். செத்தால் கட்டம் புதிதாகத் தொடங்கும், போன நிமிடம் திரும்பாது.

இனி அமைப்பு. நாம் விளையாடுவது இதன் டொஸ் பதிப்பு, அதாவது வின்டோஸுக்கு முந்திய இயங்குதளத்துக்கானது. இன்றைய 64 பிட் வின்டோஸில் டொஸ் கேம் நேரடியாக ஓடாது, பழைய கணினியைப் போல நடிக்கும் டொஸ்பொக்ஸ் என்ற மென்பொருள் வேண்டும். கேம் உள்ள ஃபோல்டரை மட்டும் அதற்குள் மவுண்ட் செய்யுங்கள் (இணையுங்கள்), முழு சி டிரைவையும் வேண்டாம். சாதாரண டொஸ் கேமை அது 3000 சைக்கிளில் தொடங்கும், அதுதான் வேகத்தின் அளவு. அசைவு விட்டுவிட்டு வந்தால் கொன்ட்ரோலுடன் எஃப்12ஐ அழுத்துங்கள். ஒரு தட்டுக்கு 10 வீதம் கூடும். எஃப்11 என்றால் 20 வீதம் குறையும். எண் மாறுவது ஜன்னலின் தலைப்பிலேயே தெரியும். லெப்டொப்பில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டி வரலாம். பலர் ‘வேலை செய்யவில்லை’ என்று விடுவது இந்த இடத்தில்தான். எல்லை மீறிக் கூட்டினால் சத்தம் கரகரக்கும், அப்போது இரண்டு தட்டுக் குறையுங்கள். பிரின்ஸ் கணினியின் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிற கேம், கூட்டினாலும் தலைதெறிக்க ஓடாது. 1990இல் வந்த விண்வெளிச் சண்டைக் கேம் ‘விங் கொமாண்டர்’ அப்படியல்ல. கணினி எவ்வளவு வேகமோ எதிரி விண்கலமும் அவ்வளவு வேகம்.

படம் 320க்கு 200 புள்ளி, அகலம் 4, உயரம் 3 என்ற பழைய 4:3 திரைக்கு வரைந்தது. அகலத் திரையில் இழுத்து நிரப்பினால் இளவரசன் மூன்றில் ஒரு பங்கு பருத்துப்போவான், பாய வேண்டிய தூரத்தைக் கண் பிழையாக அளக்கும். டொஸ்பொக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘அஸ்பெக்ட்’ (aspect) என்ற வரியை ‘ட்ரூ’ (true) என்று மாற்றினால் தீர்ந்தது.

எல்லாவற்றிலும் கெட்ட வில்லன் ஷிஃப்ட் விசை. வாள் வீசவும் விளிம்பைப் பிடிக்கவும் அதுதான். வின்டோஸிலோ ஷிஃப்டை ஐந்து தரம் தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற விசை வசதியை இயக்கவா என்று கேட்கும் பெட்டி துள்ளி வரும். சண்டை நடுவில் அது வந்தால் இளவரசன் வெட்டுப்பட்டுக் கிடப்பான். செட்டிங்ஸில் அந்தக் குறுக்குவழியை முதலே அணைத்துவிடுங்கள்.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மின்வெட்டை நம்ப முடியாது என்பதால் இன்னொன்று: மூன்றாம் கட்டத்திலிருந்து கொன்ட்ரோலும் ஜி-யும் அழுத்திச் சேமிக்கலாம். ஒரே ஒரு பதிவுதான், புதியது பழையதை அழித்துவிடும். திறக்கும்போது கட்டத்தின் தொடக்கத்துக்கே போகும், நிமிடமோ சேமித்த நேரத்தில் மிஞ்சியதுதான். ஆகவே கட்டத்துக்குள் கால் வைத்ததும் சேமியுங்கள்.

பென் டிரைவில் கேம் வாங்கி வரும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். டெஸ்க்டொப்பில் இருக்கும் குறுக்குவழிப் படத்தை மட்டும் இழுத்துப் போட்டால் வருவது ஒன்றிரண்டு கேபி, வீட்டில் திறக்காது. முழு ஃபோல்டரையும் கொப்பி செய்யுங்கள். 1993இன் சுடும் கேம் ‘டூம்’ முதல் பகுதியை, 9 வரைபடங்களுடன், ஷெயார்வெயாராக, அதாவது இலவசமாக எவருக்கும் கொடுக்கலாம் என்றே வெளியிட்டார்கள். தயங்காமல் அதில் தொடங்கலாம். ‘ஜிடிஏ: வைஸ் சிட்டி’ கேம் வைத்திருப்பவர்கள், நொடிக்கு எத்தனை படம் என்பதைக் கட்டுப்படுத்தும் ஃப்ரேம் லிமிட்டரை அணைக்க வேண்டாம். அது நொடிக்கு 30 ஃப்ரேமுக்கு அளந்து செய்த கேம், கூடினால் இயக்கம் பிசகும்.

‘டேஞ்சரஸ் டேவ்’ என்ற கேமைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்ன குறையில் எனக்கு மறுப்பில்லை. கிண்ணத்தை எடு, கதவுக்கு ஓடு, பத்துக் கட்டத்தோடு முடிந்தது. அதை இன்றும் விளையாட வைப்பது பழைய ஞாபகம்தான்.

இப்படிக்கு,
வாசகர்,
கல்முனை