காலங்காலமான பகையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலை பற்றிய சென்ற இதழின் கட்டுரையில், அந்நாட்டு ஹூட்டுகளும் டுட்சிகளும் ‘காலங்காலமாக ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்துவரும் காட்டுக்குடிகள்’ என்றொரு வரி வந்திருந்தது. 2004 முதல் ஆறாண்டுகள் அந்நாட்டுத் தலைநகர் கிகாலியில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதிப் பிழைத்தவனான என்னால், அந்த வரியைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போக முடியவில்லை.

இரு சாராரும் பேசுவது ஒரே கின்யருவாண்டா மொழி என்பதும், ஒரே குலப்பெயர்கள் இரு பக்கமும் உண்டு என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. மாடு கன்று பெருகிய ஹூட்டுக் குடும்பம் நாளடைவில் டுட்சியாக மதிக்கப்பட்டதும் உண்டு. மன்னராட்சியில் ஏற்றத்தாழ்வும் கட்டாய ஊழியமும் அவற்றால் கசப்பும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதை மாற்றவே முடியாத பிறவி முத்திரையாக்கி, 1930களில் ஆளுக்கோர் அடையாள அட்டை எழுதிக் கொடுத்தவர்கள் அப்போது நாட்டை ஆண்ட பெல்ஜிய அதிகாரிகள். இனத்தின் பெயரால் கொலையும் தீவைப்பும் நாடெங்கும் பரவியது அதன் பின்னர், 1959இல்தான்.

உடன் பணியாற்றிய ஒருவர் தம் தந்தையின் அட்டையை ஒருமுறை எனக்குக் காட்டினார். ஹூட்டு, டுட்சி, மூன்றாவது சிறு பிரிவான துவா என்று வரிசையாக அச்சிட்டு, வேண்டாதவற்றைப் பேனாவால் அடித்திருந்தார்கள். அடிபடாமல் மிஞ்சிய அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் 1994இல் ஹூட்டுக் கொலைகாரர்கள் சாலைத் தடுப்புகளில் டுட்சிகளை இறக்கிக் கொன்றார்கள். தங்கள் கட்டுரையாளருக்கோ அட்டையே தேவைப்படவில்லை. மூக்கையும் உயரத்தையும் வைத்தே இனம் பிரித்துவிடுகிறார். அளவுகோலோடு மூக்கை அளந்து திரிந்த அந்தக் காலத்து ஐரோப்பியருக்கு இவர் கிடைத்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

காலங்காலமான இனப்பகைதான் காரணம் என்றால், ஹூட்டுவான பிரதமர் அகாத்தே உவிலிங்கியிமானாவை, கொலைகள் தொடங்கிய ஏப்ரல் 7ஆம் தேதியே கொன்றது ஏன்? கொலைக்கு உடன்படாத எத்தனையோ ஹூட்டுகளும் அந்தப் படுகொலை நீடித்த நூறு நாள்களில் மாண்டார்கள். ‘அது அவர்களுக்குள் பழைய சண்டை’ என்ற பேச்சு, கைகட்டி நின்ற வல்லரசுகளுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் தாங்கள் அறிவீர்கள். அங்கிருந்த ஐ.நா. அமைதிப்படையின் தலைவர் டலேர் கூடுதல் வீரர்கள் கேட்டுக்கொண்டிருக்க, ஐ.நா. பாதுகாப்பு அவை ஏப்ரல் 21 அன்று அந்தப் படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. அந்தச் சாக்கையே முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தாங்கள் தமிழில் அச்சிட்டிருக்கிறீர்கள்.

இது முதல் முறையும் அல்ல. 1972இல் டுட்சிகள் கையிலிருந்த இராணுவம் ஹூட்டுகளைக் கொன்று குவித்தது பக்கத்து நாடான புருண்டியில். சில ஆண்டுகளுக்கு முன் அதை ருவாண்டாவில் நடந்ததாகத் தாங்கள் எழுதியபோது நான் அனுப்பிய திருத்தம் இன்றுவரை வெளிவரவில்லை. இடப்பற்றாக்குறையாக இருக்கலாம். இம்முறை மண்டையோடுகளின் வண்ணப் படத்திற்கு எதிர்ப்பக்கத்தில் அட்சய திருதியை நகை விளம்பரத்திற்கு மட்டும் முழுப் பக்கம் கிடைத்திருக்கிறது.

நான் ருவாண்டாவில் இருந்தபோது, படுகொலை வழக்குகளை ஊர்மக்களே விசாரிக்கும் கச்சாச்சா மன்றம் கூடும் நாள்களில் காலையில் கடைகளை அடைத்துவிட்டு ஊரே புல்தரையில் உட்காரும். எங்கள் அலுவலகக் காவலாளி, தம் அக்காளை எந்தக் குழியில் போட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதற்காக அங்கே போனார். மறுநாள் வழக்கம்போல் வந்து கதவைத் திறந்துவிட்டார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் ஹூட்டுவா டுட்சியா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை; அங்கே அது கேட்கக்கூடாத கேள்வி. அவரைத்தான் தங்கள் இதழ் காட்டுக்குடி என்கிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் ஒரே வாக்கியம் வெளியிடுங்கள். சமையல் குறிப்புப் பக்கத்தின் ஓரத்தில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி.