அத்தையின் அசதியும் காலை ஏழு மணியும்

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் தை மாதம் வந்தது, நான் ஆடியில் பதில் எழுதுகிறேன். தப்புதான்டி. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை பார்த்தேன், நீ பாதிப் பேச்சில் "இரு, செடிக்குத் தண்ணி திறந்துவிட்டேன்" என்று மாடிக்கு ஓடிவிடுவாய். இது பாதியில் நிற்கிற விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். அவர் ஓய்வு பெற்றதிலிருந்து என் அடுக்களையை ஒழுங்குபடுத்துகிறார், கடுகு டப்பா எங்கே என்று அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பையன் கேப்டவுனிலேயே இருக்கிறான், கல்யாணப் பேச்சு எடுத்தால் சிக்னல் போய்விடுகிறது. உன் முட்டி எப்படி இருக்கிறது? படி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய், மொட்டைமாடி விஷயத்தில் வார்டன் சொல்லியே கேட்காதவள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆடி என்றால் குளிர்காலம் இல்லையா, கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள், அத்தையின் விரல்கள் இன்னும் மோசமாகிவிட்டன. முடக்குவாதம் வந்து 19 வருஷம் ஆகிறது. காலையில் எழுந்ததும் குழாயைத் திருக முடியாது, புறங்கையால் தள்ளித்தான் திறப்பாள். அவள் பார்க்கிற கிளினிக்கில் இந்த நோயைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கப் போகிறார்கள். அதற்கு ஆள் சேர்க்கும் முன்பே, ஆய்வை எப்படி நடத்துவது என்று திட்டமிடுகிற குழுவில் ஒரு நோயாளியையும் ஒரு வீட்டாளையும் சேர்க்கிறோம், வருகிறீர்களா என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு முதலில் புரியவே இல்லை. ஆய்வு என்றால் அவர்கள் கேட்பார்கள், நாம் கையை நீட்டுவோம், ரத்தம் எடுப்பார்கள் என்றுதானே இத்தனை நாள் இருந்தோம். அவர்கூட "நீ என்ன டாக்டரா, அங்கே போய் என்ன பேசுவாய்" என்றார். கோபத்திலேயே போனேன்.

முதல் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. பத்துப் பேர் சுருக்கெழுத்துகளாகவே பேசிக்கொண்டார்கள். டர்பன் பக்கத்து அம்லாஸியிலிருந்து இன்னொரு பெண் வந்திருந்தாள், அவளுக்கே இந்த நோய், அவளும் பேசவில்லை. வெளியே வந்து டாக்ஸிக்கு நிற்கும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டோம், அப்போதே சிநேகம் ஆகிவிட்டது.

இரண்டாவது கூட்டத்துக்கு முன் கேள்வித்தாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தையிடம் படித்துக் காட்டினேன். எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது, எத்தனை மூட்டைத் தொட்டால் வலிக்கிறது, வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். அத்தை பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு "நாலு" என்று போட்டாள். நாலா என்றேன். "வலி பழகிப்போச்சும்மா. இந்த அசதியைத்தான் தாங்க முடியல. குளிச்சிட்டு வந்து கட்டில்ல உட்கார்ந்தா, புடவை கட்ட எழுந்திரிக்க ஒரு மணி நேரம் ஆகுது. அதைக் கேட்டிருக்காங்களா பாரு" என்றாள். பன்னிரண்டு பக்கமும் புரட்டினேன். இல்லை.

அப்புறம் தேடிப் படித்தேன் மல்லி, ராத்திரி ஒரு மணி வரைக்கும். முடக்குவாத ஆய்வுகளில் எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று உலகத்து நிபுணர்கள் 1990-களிலேயே கூடிப் பட்டியல் போட்டுவிட்டார்கள். வீக்கம், வலி, ரத்தத்தில் அழற்சி எல்லாம் இருந்தது, அசதி இல்லை. 2002-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த கூட்டத்துக்குத்தான் முதல்முறையாக நோயாளிகளையும் அழைத்து உட்கார வைத்தார்கள். எங்களை முடக்கிப் போடுவது இந்த அசதிதான், அதை ஏன் யாரும் அளப்பதில்லை என்று அவர்கள் கேட்டார்கள். சில வருஷங்களில் இனி அசதியையும் அளக்க வேண்டும் என்று அந்தக் குழுவே பரிந்துரைத்தது. அத்தை கட்டிலில் உட்கார்ந்து சொன்னதை, அவளைப் போல யாரோ நாலு பேர் எழுந்து சொல்லித்தான் அது மருத்துவத்துக்குள்ளே போயிருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் பேசினேன். அசதியைச் சேருங்கள் என்றேன். தலைமை மருத்துவர் யோசித்துவிட்டு, அதற்கு ஏற்கெனவே சோதித்துப் பார்த்த கேள்விகள் இருக்கின்றன, ஒரு பக்கம் கூடும், சேர்க்கலாம் என்றார். அதற்குள் அம்லாஸிக்காரிக்குத் தைரியம் வந்துவிட்டது. "காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறீர்களே, ஏழு மணிக்கு என் கை மடங்காது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாது" என்றாள். அறையே அமைதியாகிவிட்டது. காலையில் மூட்டு விறைத்துப்போவது இந்த நோயின் முக்கிய லட்சணம், அங்கிருந்த எல்லாரும் அதைப் பாடமாகப் படித்தவர்கள், ஆனாலும் ஏழு மணி என்று எழுதியது அவர்கள்தான், ஆய்வகத்துக்கு அது வசதியான நேரம். பதினொன்றாக மாற்றினார்கள். பாதி நாள் கூலி போகிறவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்றும் கேட்டாள், அதற்கு இன்னும் பதில் வரவில்லை. எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை பார். நான் இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள், ஆங்கிலம் தடையில்லாமல் வரும், அதனால்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களை மட்டும் உட்கார வைத்துவிட்டு நோயாளிகளைக் கேட்டாகிவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது. இதையும் அங்கேயே சொன்னேன்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே பெரிய கதை இருக்கிறது. எச்ஐவி தொற்றாமல் தடுக்கத் தினமும் மாத்திரையோ ஜெல்லோ கொடுத்துப் பார்க்கிற ஆய்வு ஒன்று, வாய்ஸ் என்று பெயர், தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே மூன்று நாட்டிலும் சேர்த்து 5,029 பெண்கள், டர்பன் பெண்களும் நிறைய. நூற்றுக்குத் தொண்ணூறு நாள் மருந்தை எடுத்தோம் என்றுதான் கணக்கு வந்தது. 2013-இல் முடிவு சொல்லும்போது ரத்தத்தைப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்தே இருந்தது. அப்புறம்தான் அந்தப் பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். மாத்திரை டப்பாவைப் பார்த்தால் எனக்கே நோய் என்று நினைப்பார்கள், வீட்டுக்காரன் சந்தேகப்படுவான், காத்திருக்கிற அறையில் என்னென்னவோ பேசிக்கொண்டார்கள், உண்மையைச் சொன்னால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயம். அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அந்தச் சூழ்நிலையில் நீயும் நானும் வேறென்ன சொல்லியிருப்போம்?

இதே ஊரில்தான் 2000 ஜூலையில் எய்ட்ஸ் மாநாடு நடந்தது. நான் கல்யாணமாகி வந்த நாலாவது வருஷம். 'எச்ஐவி பாசிட்டிவ்' என்று மார்பில் எழுதிய பனியனோடு ஊர்வலம் போனார்களே, உனக்கு அப்போதே எழுதினேன், நினைவிருக்கிறதா? அப்படி ஊர்வலம் போனவர்கள் 1998-இல் தொடங்கிய இயக்கத்தில் நோயாளிகள் மருந்தியலைத் தாங்களே படித்து ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள், 2002-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வழக்கு ஜெயித்து, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கிற மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுக்க வைத்தார்கள். அன்றைக்கு வேடிக்கை பார்த்தேன். இன்றைக்குத்தான் அதன் கனம் தெரிகிறது.

இப்போது என் மனசை அரிக்கிற விஷயம். பதினோரு வருஷம் முன்பு வேறோர் ஆய்வுக்காக அத்தையிடம் மூன்று வருஷம் ரத்தம் எடுத்தார்கள், எந்த இடம் என்று நான் இங்கே எழுதவில்லை. முடிந்ததும் வந்து சொல்கிறோம் என்றார்கள். யாரும் வரவில்லை. அந்த ரத்தம் என்ன சொல்லியது என்று அத்தை இன்றைக்கும் கேட்கிறாள். இந்தப் புது ஆய்வுக்காக அவளுக்கு முன்கூட்டியே ஓர் அட்டை கொடுத்தார்கள், பெயர் இல்லை, எண் மட்டும். ரகசியம் காக்கத்தான், நியாயம்தான். ஆனால் அத்தை அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்து வந்தாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்த கப்பலின் பட்டியல் நகல். எண், அப்பா பெயர், வயது, ஊர், ஜாதி, உடம்பில் என்ன தழும்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "அவரும் நம்பர், நானும் நம்பர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மருமகள் சும்மா இருப்பேனா. ஆய்வு முடிந்ததும் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் என்ன தெரியவந்தது என்று, ஆங்கிலத்திலும் ஜூலுவிலும், எளிய பேச்சில் எப்போது எப்படிச் சொல்வீர்கள் என்பதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதுங்கள் என்றேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. இந்த நாட்டின் பழங்குடிகளான சான் மக்கள் 2017-இல் தங்களிடம் வருகிற ஆய்வாளர்களுக்கென்று தாங்களே ஒரு நெறிமுறை எழுதினார்கள். 2010-இல் நமீபியாவில் இருக்கிற சான் மக்களில் நாலு பேரின் மரபணு விவரங்களை வெளியிட்டபோது தலைவர்களை யாரும் கேட்கவில்லை என்ற மனவருத்தம் அவர்களுக்கு இருந்தது. திரும்பி வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் இருப்பது மரியாதைக் குறைவு, அது அடிக்கடி நடக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் மூன்று வாரத்தில். படித்துக் காட்டப் போகிறேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் பெண் கர்ப்பகாலச் சர்க்கரையைப் பற்றி ஆராய்ச்சி தொடங்குகிறாள் என்று எழுதியிருந்தாய். கேள்விகளை எழுதி முடிப்பதற்கு முன்னால் நாலு கர்ப்பிணிகளையும் அவர்கள் மாமியார்களையும் உட்கார வைத்துப் பேசச் சொல், தட்டில் என்ன விழும் என்று முடிவு பண்ணுகிறவள் பெரும்பாலும் மாமியார்தானே. பஸ் காசும் ஒரு டீயும் கொடுக்கச் சொல். புத்திசாலிப் பெண், உன்னைப் போலப் பிடிவாதக்காரி, எடுத்துச் சொன்னால் செய்வாள்.

அத்தை உன்னை விசாரித்தாள், போன தடவை நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் தீர்ந்துபோனதையும் எழுதச் சொன்னாள். நேற்று அந்த அசதிப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பத்துக்குள் எண் போடு என்றதற்கு ஒன்பது போட்டுவிட்டு, "இதைப் படிக்கிறவங்க யாரு, பேரு என்ன" என்று கேட்டாள், கூட்டத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். உன் பெண் கேள்வித்தாள் எழுதினால் அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பச் சொல், அத்தைக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் ஜெயா