காவி வட்டத்தையாவது சரியாக அச்சிடுங்கள்: மாதிரி விமானத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய விமானப்படையின் ஜெட் விமானங்களை, நாங்களே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட்டுகளாக விற்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றின் டெக்கல் தாள்களை (தண்ணீரில் நனைத்து மாதிரியின் மேல் ஒட்டும் எண்களும் சின்னங்களும் உள்ள தாள்களை) வடிவமைத்து அச்சிடுவோருக்கும்,

வணக்கம்.

மிக்-21 போர் விமானத்தின் பழைய பிஸ் வகைக்கும், அதை மேம்படுத்திய பைசன் வகைக்கும் என்ன வேறுபாடு என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விமானிக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியை ஒருமுறை பார்த்தாலே போதும். பிஸ்ஸில் அது சட்டம் போட்டுப் பிரித்த கண்ணாடி. பைசனில் சட்டமே இல்லாமல் வளைந்து வரும் ஒற்றைக் கண்ணாடி. உடலில் எழுதியிருக்கும் எண்ணும் காட்டிக்கொடுத்துவிடும். பிஸ்ஸின் எண் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். மேம்படுத்தப்பட்ட பைசனின் எண் 'சியு' என்று தொடங்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பெட்டி மேல் ஒன்று, உள்ளே இன்னொன்று என்று விற்கிறீர்களே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21களுக்கு விடை கொடுத்தார்கள். 23-ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) பைசன்கள் கடைசியாகப் பறந்து இறங்கின. 1963-இல் இந்தியாவின் முதல் மிக்-21 ஸ்குவாட்ரன் உருவானதும் அதே சண்டிகரில்தான். 62 ஆண்டுச் சேவை. அந்த நாளையொட்டி மிக்-21 கிட்டுகளுக்கு ஒரு கிராக்கி வந்தது. உங்களில் ஒருவர் கிடங்கில் இருந்த பழைய கிட்டைப் புதுப் பெட்டியில் போட்டு, மேலே சாம்பல் நிற பைசன் ஒன்றை அழகாக வரைந்து, 'விடைபெறும் பைசன்' என்று சந்தைக்கு அனுப்பினார். நான் வாங்கியது அந்தப் பெட்டியைத்தான். உள்ளே இருந்தது பிஸ். சட்டம் போட்ட கண்ணாடி. ஏவுகணைகளோ பழைய ஆர்-60. பைசன் என்றாலே ஆர்-73, ஆர்-77 இரண்டையும் சுமக்கும் விமானம் என்பதுதானே அந்த மேம்பாட்டின் பெருமை? டெக்கல் தாளில் எண் 'சி' என்று தொடங்குகிறது. 'யு'வைக் காணோம்.

கண்ணாடியைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. எஃகில் அச்சு வெட்டுவது எவ்வளவு செலவு பிடித்த வேலை என்று எங்களுக்கும் தெரியும். ஒரு வகைக்காகப் புது அச்சு வெட்ட முடியாது என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் இருக்கும் பிழையைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவர்கள் நாங்கள். சூடாக்கிய தெளிந்த பிளாஸ்டிக்கை இழுத்து ஒற்றைக் கண்ணாடியை நாங்களே செய்துகொள்வோம். ஏவுகணையை வேறு கிட்டின் மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். ஆனால் டெக்கல் என்பது தாளும் மையும். ஒரு எழுத்தைச் சேர்க்க எந்த எஃகையும் வெட்ட வேண்டியதில்லை. அதில் பிழை வந்தால் அதற்குக் காரணம் செலவு அல்ல. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தாளில் என்னை மிகவும் வருத்தியது எண்கூட இல்லை. நம் விமானப்படையின் வட்டச் சின்னம்.

வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. மூன்றே நிறம். விமானத்தை யாருடையது என்று சொல்வது அதுதான். உங்கள் தாளில் அந்தக் காவியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: மஞ்சள் புள்ளிகளின் மேல் மெஜந்தா புள்ளிகள். காவிக்கெனத் தனி மை கலக்காமல் நாலு வண்ண அச்சில் ஓட்டியிருக்கிறீர்கள். செய்தித்தாள் படத்துக்கு அது போதும். 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கில், விமானமே ஒரு சாண் நீளம். பார்ப்பவர் அதை மூக்குக்கு நேராகப் பிடித்துத்தான் பார்ப்பார். அந்தத் தூரத்தில் வட்டம் முழுக்கப் பொரி பொரியாகத் தெரிகிறது. நிறமும் காவி இல்லை, செங்கல் சிவப்பு. போதாக்குறைக்கு, அடியில் போட்ட வெள்ளை ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது. வட்டத்தின் இடப்பக்கம் ஒரு வெள்ளைப் பிறை எட்டிப் பார்க்கிறது. வலப்பக்கம் காவி அடியில் வெள்ளை இல்லாமல் சாம்பல் நிறத்தில் கரைந்து அழுக்காகிவிடுகிறது. அரை மில்லிமீட்டர் நகர்வுதானே என்பீர்கள். நிஜ விமானத்தில் அது 36 மில்லிமீட்டர்.

டெக்கல் ஒட்டுவது எந்தக் கட்டத்தில் வரும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, இடுக்குகளைப் புட்டி வைத்து அடைத்து, பிரைமர் அடித்து, அழிந்த பேனல் கோடுகளை (தகடுகளின் இணைப்புக் கோடுகளை) திரும்பக் கீறி, ஏர்பிரஷ்ஷில் சாம்பலை மெல்லிய பூச்சாக ஏற்றி, அடியில் காற்று சிக்கி டெக்கல் வெள்ளியாய் மினுங்கிவிடக் கூடாதே என்று பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காய வைத்து, அதற்கும் பிறகுதான் அந்தத் தாளைத் தண்ணீரில் நனைக்கிறோம். ஒருமுறை மென்மையாக்கும் திரவம் பட்டு டெக்கல் கோடுகளுக்குள் படிந்துவிட்டால் அதை உயிரோடு எடுக்க முடியாது. டேப் வைத்து உரித்தால் அடியில் இருக்கும் பெயின்டும் சேர்ந்து வரும். உங்கள் பிழை எங்களிடம் வந்து சேர்வது எங்கள் உழைப்பெல்லாம் முடிந்த பிறகு, திரும்பிப் போக வழியில்லாத இடத்தில்.

நான் அந்த வட்டங்களை ஒட்டவில்லை. வட்டம் வெட்டும் கருவியால் மாஸ்கிங் டேப்பை வளையங்களாக வெட்டி, முதலில் வெள்ளை, பிறகு மூடி காவி, பிறகு மூடி பச்சை என்று ஒவ்வொரு வட்டத்தையும் பெயின்டாலேயே அடித்தேன். நடுப்புள்ளி ஒரு மயிரிழை விலகினாலும் வளையம் ஒரு பக்கம் தடித்துவிடும்; துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. பணம் கொடுத்து வாங்கிய தாள் மேசையில் கிடக்க, அந்தத் தாள் செய்ய வேண்டிய வேலையைக் கையால் செய்வது என்ன உணர்வு என்று உங்கள் வடிவமைப்பாளர் ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தாள் அச்சுக்குப் போகும் முன், அதில் எந்த எண்ணைப் போடுகிறீர்களோ அந்த எண்ணுள்ள விமானத்தின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். தவறாக அச்சிட்டுவிட்டீர்கள் என்றால், வாங்கியவர்களுக்குத் திருத்திய தாளை அனுப்புங்கள்.

இதையே மரியாதையாக அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். இந்திய விமானங்களுக்குச் சந்தை சிறியது, ஆகவே இந்த அளவுக்குத்தான் முடியும் என்று பதில் வந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தை சிறியது என்றால் குறைவாக அச்சிடுங்கள். தவறாக அச்சிட அது எப்படிக் காரணமாகும்? இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் என்றால் ஒரே வகைக்குள் எத்தனை உட்பிரிவு, எந்த ஆலையில் செய்த விமானத்தில் எந்த இடத்தில் எந்த மூடி என்று ஆராய்ந்து தருகிறீர்கள். 80 ஆண்டுக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தைக் கணிக்கத் தெரிந்த உங்களுக்கு, நேற்று பறந்த, வண்ணத்தில் படமெடுத்த விமானத்தின் எண்ணைப் படிக்க முடியாதா? நாங்கள் கொடுக்கும் பணமும் அதே பணம்தான்.

காவி எது என்று தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. தேசியக் கொடிக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ்.1 என்ற தரநிலையே வைத்திருக்கிறது. காவியும் பச்சையும் எப்படி இருக்க வேண்டும் என்று அளந்து சொல்கிறது. விமான பெயின்ட் கொடித் துணி அல்ல, வெயிலில் வெளுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அங்கிருந்து தொடங்கினால் செங்கல் நிறத்தில் போய் முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களில் பலர் பீடத்தில் ஏற்றி வைத்த காட்சி விமானங்களின் படங்களைப் பார்த்து வரைகிறீர்கள் என்று தோன்றுகிறது. அருள்கூர்ந்து அதை மட்டும் செய்யாதீர்கள். பீடத்து விமானத்துக்குச் சில ஆண்டுக்கு ஒருமுறை எனாமல் பூசுவார்கள். வட்டத்தின் அளவு மாறும், எண்ணின் எழுத்து வடிவம் மாறும், ஸ்டென்சில் எழுத்துகள் எல்லாம் பூச்சுக்கு அடியில் போய்விடும். பூசுகிறவர் மேல் குற்றமில்லை. அவருக்கு அது மழையில் அரித்துப் போகாமல் காக்கும் வேலை. அதை ஆதாரம் என்று எடுத்துக்கொள்வது உங்கள் குற்றம்.

மிக்-21 போய்விட்டது, இனி எதற்கு இந்தப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகை மீது ராக்கெட் வீசிய மிக்-21கள் எஃப்.எல். வகை, அவற்றின் கண்ணாடிக் கூண்டு முன்பக்கமாகத் தூக்கித் திறக்கும். அந்தத் தாக்குதலின் பெயரைச் சொல்லி, முதுகு தடித்த, பக்கவாட்டில் திறக்கும் எம்.எஃப். வகையை விற்கிறார்கள். அந்தப் போரில் பளபளக்கும் உலோக உடலின் மேல், விமானத் தளத்திலேயே அவசரமாகப் பச்சையும் பழுப்பும் அடித்தார்கள். ஒரு விமானத்தின் கோலம் அடுத்ததில் இருக்காது. பெட்டியில் வரும் வண்ணக் குறிப்போ எல்லாவற்றுக்கும் ஒரே படம். ஜாகுவாரை எடுங்கள். கடல் தாக்குதலுக்கான 6-ஆம் ஸ்குவாட்ரனின் விமானத்துக்கு மூக்கில் ரேடார் உண்டு; மற்ற ஒற்றை இருக்கைத் தாக்குதல் ஜாகுவார்கள் பெரும்பாலானவற்றின் மூக்கு உளி போலத் தட்டையானது. உளி மூக்குக் கிட்டுக்குள் 6-ஆம் ஸ்குவாட்ரனின் சின்னத்தைப் போட்டு அனுப்புவது யாருக்கு மரியாதை?

நான் கோயம்புத்தூர்க்காரன். சூலூரிலிருந்து எழும் தேஜஸின் சத்தம் எங்களுக்குப் பழகிய சத்தம். 2018-இல் 45-ஆம் ஸ்குவாட்ரன் இங்கே வந்தது, 2020-இல் 18-ஆம் ஸ்குவாட்ரன் இங்கேயே தேஜஸோடு உயிர்பெற்றது. 1971-இல் ஸ்ரீநகரில் தாக்குதலுக்கு நடுவே எழுந்து, தனித்துப் போரிட்டு பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோனின் ஸ்குவாட்ரன் அது. இரண்டும் தேஜஸ்தான், ஆனால் ஒன்றல்ல. 45-க்கு முதலில் வந்தவற்றுக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் குழாய் கிடையாது. 18-க்கு வந்தவற்றின் மூக்கின் வலப்பக்கம் அந்தக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். இனி வரப்போகும் தேஜஸ் கிட்டுகளில் குழாய் இருக்கும் பிளாஸ்டிக்கும், குழாயில்லாத முதல் விமானத்தின் 5001 என்ற எண்ணும் ஒரே பெட்டியில் வந்துவிடுமோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. அந்த விமானங்களைப் பேணும் தொழில்நுட்ப வீரர்களின் பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அப்பா வேலை பார்க்கும் விமானம் என்று ஒரு பிள்ளை அந்தப் பெட்டியைத் திறக்கும்போது எண்ணும் சின்னமும் சரியாக இருக்க வேண்டாமா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கிட்டின் விலை, அதற்கு மேல் சுங்கவரி, அதற்கும் மேல் உங்கள் பிழையைத் திருத்தவென்றே இன்னொருவர் வெளிநாட்டில் அச்சிட்டு விற்கும் டெக்கல் தாள், அதற்கும் ஒரு தபால் செலவு என்று ஒரே விமானத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறவர்களின் எரிச்சல் அது. அந்தச் சிறிய அச்சகங்கள் தனி மை கலந்து, வெள்ளையை விலகாமல் அடித்து, ஆதாரப் படத்தோடு தாள் தருகின்றன. அவர்களால் முடிகிற வேலை உங்களால் முடியாது என்று நான் நம்பவில்லை.

தளங்களுக்குள் படமெடுக்க அனுமதி இல்லாததால் ஆதாரம் கிடைப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழி இருக்கிறது. பெங்களூரு ஏரோ இந்தியாவிலும், 2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் நடந்தது போன்ற சாகச நிகழ்ச்சிகளிலும் பொதுமக்கள் எடுத்த படங்கள் ஏராளம். மாதிரி விமானம் கட்டும் எங்களில் பலர் அவற்றை ஆண்டு வாரியாக, எண் வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். தாளின் வரைவை அச்சுக்கு முன் எங்களில் ஒருவருக்கு அனுப்புங்கள். கூலி வேண்டாம், பெட்டியில் பெயர் வேண்டாம். ஒரு மாலை நேரத்தில் பார்த்துத் திருத்தித் தந்துவிடுவோம்.

மீண்டும் பணிவோடு கேட்கிறேன். அடுத்த அச்சுக்கு முன் எண்ணையும் ஸ்குவாட்ரன் சின்னத்தையும் அந்த விமானத்தின் படத்தோடு ஒப்பிடுங்கள். காவிக்குத் தனி மை போடுங்கள். விடைபெறும் பைசன் பெட்டியை ஏற்கனவே வாங்கியவர்களுக்கு, 'சியு' எண்ணோடும் பிசிறில்லாத வட்டங்களோடும் ஒரு புதுத் தாளை உறையில் போட்டு அனுப்புங்கள். தபால் செலவு எங்களுடையது என்றாலும் சம்மதம்.

பதிலை எதிர்பார்த்து,
தங்கள் கிட்டுகளை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவன்,
கோயம்புத்தூர்